பழைய பெயரை மாற்றலாமா? ஒரு ஏபிஐ கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். யாங்கோனில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் அலுவலகம். பருப்பு, அரிசி வியாபாரிகளுக்கு இருப்புக் கணக்கும் பில்லும் போட்டுத் தருகிற சர்வர் அவர்களுடையது. அதன் ஏபிஐயை, அதாவது மற்ற புரோகிராம்கள் அந்தச் சர்வரிடம் பேசும் வாசலை, வெளியே பலர் கூப்பிடுகிறார்கள்: பயின்னாங் சந்தைக் கடைகளின் எக்செல் மேக்ரோக்கள், கிட்டங்கி ஆட்கள் போனில் வைத்திருக்கும் ஆப், ஏற்றுமதி அலுவலகங்களின் சொந்தப் புரோகிராம்கள். புதிதாகச் சேர்ந்த தம்பி உள்ளே போய்ப் பார்க்கிறார். 'கெட்ஸ்டாக்2' என்று ஒரு ஃபங்ஷன் (கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் கோடுத் துண்டு) இருக்கிறது, ஒன்றாம் எண்ணைக் காணோம். 'ஃப்ளாக்' என்று ஒரு ஃபீல்டு (ஒரு விவரத்தைப் போட்டு வைக்கும் பெட்டி), எதைக் குறிக்கிறது என்று எழுதியவருக்கே மறந்துவிட்டது. 'டிவிஷன்' என்று ஒன்று. 'லாஸ்ட்நேம்' என்று ஒன்று. 'வெயிட்' என்ற ஃபீல்டில் வருவது கிலோ இல்லை, வீசை. இப்போது புதிதாக ஒரு ஏற்றுமதி அலுவலகம் கிலோவில் வேண்டும் என்று கேட்கிறது. இந்தச் சாக்கில் எல்லாப் பெயரையும் சுத்தம் பண்ணி அடுத்த வெர்ஷனை விட்டுவிடலாம் என்கிறார் தம்பி. ஓடிக்கொண்டிருப்பதில் கை வைக்காதே என்கிறார் சீனியர் அண்ணன். யார் சொல்வது சரி?

தம்பி, நீங்கள் கொடுத்த பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. அண்ணன் சொல்வது முதல் நான்குக்குச் சரி. 'வெயிட்' விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதை நீங்கள் சரிசெய்ய நினைக்கிற விதம் ஆபத்தானது. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்து எழுதுகிறேன்.

முதலில் சும்மா அசிங்கமாக இருக்கும் பெயர்களை முடித்துவிடலாம். 'கெட்ஸ்டாக்2' யாரையும் ஏமாற்றவில்லை. இருப்பைக் கேட்டால் இருப்பைத் தருகிறது. பார்க்க நன்றாக இல்லை, அவ்வளவுதான். இணையம் முழுக்க இப்படிப்பட்ட பெயர்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தோம் என்று பிரவுசர் சர்வருக்குச் சொல்லும் தலைப்பு ஒன்று உண்டு: 'ரெஃபரர்'. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நான்கு 'ஆர்' வேண்டும். 1996இல், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளான எச்டிடிபி 1.0 ஆவணம் வெளிவந்தபோது மூன்று 'ஆர்'தான் இருந்தது. எழுத்துப்பிழை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் திருத்தவில்லை. பிறகு வந்த 'ரெஃபரர்-பாலிசி' என்ற தலைப்பை மட்டும் சரியான எழுத்துகளோடு வைத்துக்கொண்டார்கள். இன்று பிரவுசரின் கோரிக்கையில் பிழையான எழுத்தும் சர்வரின் பதிலில் சரியான எழுத்தும் போய்வருகின்றன, உலகம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

நம் மொழிக்கே ஒன்று நடந்திருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண்ணும் பெயரும் கொடுக்கும் யூனிகோடில், ஃ எழுத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் 'தமிழ் சைன் விசர்கா'. ஆய்தம் வேறு, வடமொழியின் விசர்க்கம் வேறு என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எழுத்துகளின் பெயரை இனி மாற்றுவதில்லை என்று யூனிகோடு அமைப்பு கொள்கையாகவே வைத்திருக்கிறது. பெயரை நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாதே. அதனால் பட்டியலில் 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு மட்டும் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் எரிச்சல் உண்டுதான். ஆனாலும் அந்த முடிவு சரி. நம் யாருடைய போனிலும் அந்தப் பெயரால் ஓர் எழுத்துகூடத் தப்பாக விழுவதில்லை.

உங்கள் 'டிவிஷன்' இன்னும் சாது. மியான்மரின் 2008 அரசியல் சட்டம் மாநிலப் பிரிவுகளுக்கு இருந்த 'டிவிஷன்' என்பதை எடுத்துவிட்டு 'ரீஜியன்' என்று வைத்தது. நாட்டில் நிர்வாகப் பெயர் மாறியது, உங்கள் ஃபீல்டில் மாறவில்லை. உள்ளே பகோ என்று வந்தால் பகோ என்றே எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். விட்டுவிடுங்கள். 'லாஸ்ட்நேம்' கொஞ்சம் வேறு மாதிரி. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் பர்மாத் தமிழர்களிலோ பாதிப் பேருக்கு அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், கோயில் ரசீதில் ஒரு தமிழ்ப் பெயர். அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அந்தப் பெட்டியில் எதைப் போடுவது என்று தெரியாமல் ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொன்றைப் போட்டு வைத்திருப்பார்கள். இங்கே பெயரை மாற்றி ஒரு பயனும் இல்லை, உள்ளே இருக்கும் டேட்டா மாறப்போவதில்லை. கட்டாயம் நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள், 'முழுப்பெயர்' என்று புதிதாக ஒன்றைச் சேருங்கள், போதும்.

'ஃப்ளாக்' பற்றி ஒரு வரி: எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை அதற்குப் புதுப் பெயர் வைக்க முடியாது. முதலில் லாகை, அதாவது சர்வர் எழுதி வைக்கும் பதிவை, பாருங்கள்.

சரி, 'வெயிட்'டுக்கு வருவோம்.

இது அசிங்கமான பெயர் இல்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அரைகுறையாகச் சொல்கிறது. படிப்பவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறார், தப்பாக நிரப்பிக்கொள்கிறார். பர்மா வீசை ஏறத்தாழ 1.63 கிலோ. பயின்னாங்கில் பிறந்து வளர்ந்த வியாபாரிக்கு 'வெயிட் 30' என்றால் வீசை என்று சொல்லாமலே தெரியும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து உளுந்து வாங்குகிறவரின் புரோகிராமருக்கு 30 என்றால் 30 கிலோ. (பழைய சென்னை வீசை இன்னொரு கணக்கு, 1.4 கிலோ சுமார். வீசை என்று எழுதினால் மட்டும் எல்லாம் தெளிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.)

இப்போது நீங்கள் செய்ய நினைப்பது, புது வெர்ஷனில் 'வெயிட்' என்றால் கிலோ என்று ஆக்குவது. கேட்க ஒழுங்காக இருக்கிறது. என்ன நடக்கும் என்று ஒரு மூட்டையை வைத்துப் பார்க்கலாம். மூட்டை 30 வீசை, அதாவது 49 கிலோ. சர்வர் இனி 49 என்று அனுப்பும். பழைய எக்செல் மேக்ரோவுக்கு இந்த மாற்றம் தெரியாது. 49 வீசை என்று எடுத்துக்கொண்டு, வீசைக்கு இவ்வளவு கியாட் (பர்மியப் பணம்) என்று பெருக்கி, பில் போட்டுவிடும். 49 கிலோ சரக்குக்கு 80 கிலோவின் விலை. எங்கும் எரர் வராது. திரையில் சிவப்பு எழுத்து வராது. பில் அச்சாகி, காசு கைமாறி, மாதக் கடைசியில் கிட்டங்கி இருப்பைத் தட்டிப் பார்க்கும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும். அதற்குள் எத்தனை பில் போயிருக்கும்?

இதற்குப் பதிலாக 'வெயிட்'டை அடியோடு நீக்கிவிட்டு 'வெயிட்_கேஜி' என்று மட்டும் அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? மேக்ரோ உடைந்து நிற்கும். கடைக்காரர் போன் போட்டுத் திட்டுவார். அது மோசம்தான், ஆனால் அரை நாளில் தீரும் மோசம். ஒரு பெயரை எடுத்துவிடலாம், பக்கத்தில் புதிது சேர்க்கலாம். இருக்கும் பெயரின் அர்த்தத்தை மட்டும் சத்தமில்லாமல் மாற்றவே கூடாது. இந்த விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

இதற்குப் பர்மாவில் இருக்கிற நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஸோஜி என்ற பர்மிய எழுத்துருவும் யூனிகோடும் சேர்ந்து அடித்த கூத்தைப் போன் வைத்திருந்த எல்லோரும் பார்த்தோம். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று பலருக்குத் தெரியாது, அது நேராக உங்கள் கேள்விதான். பர்மிய எழுத்துகளுக்கு யூனிகோடு ஒதுக்கிய எண்களையே ஸோஜி எழுத்துரு எடுத்துக்கொண்டு, தன் வசதிக்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டது. 2008இல் வந்த யூனிகோடு 5.1, பர்மிய எழுத்துகளின் அமைப்பை ஒழுங்குபடுத்தியது. அதன்படி 103பி என்ற எண் யபின், அதாவது எழுத்துக்கு வலப்பக்கம் ஒட்டும் குறி. ஸோஜியில் அதே 103பி யயிட், எழுத்தை இடப்பக்கமாகச் சுற்றி வளைக்கும் குறி. 103ஏ யூனிகோடில் அதட், நம் புள்ளி மாதிரி மெய்யாக்கும் குறி. ஸோஜியில் அது யபின். ஒவ்வொன்றாக ஒரு படி நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. எண் ஒன்றுதான், எழுத்து வேறு.

எண்களே வேறாக இருந்திருந்தால் பிரச்சினை எவ்வளவோ சின்னது. ஸோஜி என்றால் இந்த வரிசை, யூனிகோடு என்றால் அந்த வரிசை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம், ஒரு மாற்றி எழுதி ஒரே இரவில் முடித்துவிடலாம். எண் ஒன்றாகவே இருந்ததால், ஒரு வாக்கியத்தைப் பார்த்து அது எந்த வகை என்று ஊகிக்க வேண்டியதாயிற்று. கூகுள் அதற்கென்றே 'மியான்மர் டூல்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டது. எழுத்துகள் எந்த வரிசையில் சேர்ந்து வருகின்றன என்பதை வைத்து, இது ஸோஜியாக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும். ஊகம்தான், சின்ன வாக்கியங்களில் தடுமாறும். 2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாறுவது என்று நாள் குறித்து மாற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பழைய டேட்டாபேஸ்களில் இரண்டும் கலந்து கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நாட்டுக் குறியீட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 1989இல் நம் நாட்டின் பெயர் மாறியபோது, உலகத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ 'பியு' என்ற பழைய குறியீட்டை விலக்கி 'எம்எம்' என்று புதிதாகக் கொடுத்தது. பணக் குறியீடும் 'பியுகே' போய் 'எம்எம்கே' ஆனது. பழையது செத்தது, புதியது பிறந்தது, குழப்பமில்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் 'சிஎஸ்' குறியீட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த நாடு பிரிந்த சில ஆண்டுகளில், 2003இல், அதே இரண்டு எழுத்தைத் தூக்கி செர்பியா-மாண்டினீக்ரோவுக்குக் கொடுத்தார்கள். பழைய பதிவில் 'சிஎஸ்' என்று பார்த்தால் எந்த நாடு? தேதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு எழுந்த எதிர்ப்பில், விலக்கிய குறியீட்டை மறுபடி பயன்படுத்தக் காத்திருக்க வேண்டிய காலத்தை 50 ஆண்டாக நீட்டினார்கள்.

உங்கள் சர்வரில் 'காலாண்டு1' என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உடனே பாருங்கள். இங்கே அரசின் நிதியாண்டு ஏப்ரல்-மார்ச்சாக இருந்து, 2018இல் அக்டோபர்-செப்டம்பருக்குப் போய், 2022 ஏப்ரலில் மறுபடி ஏப்ரல்-மார்ச்சுக்கே வந்துவிட்டது. அந்தப் பெயரை யாரும் தொடவில்லை. ஆனால் அதன் அர்த்தம் இரண்டு முறை மாறிவிட்டது. ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு ஃபீல்டு வைத்துவிட்டால் அரசு எப்படி மாற்றினாலும் உங்களுக்குக் கவலையில்லை.

அப்படியானால் 'வெயிட்'டை என்ன செய்வது? அப்படியே இருக்கட்டும், வீசையாகவே, கடைசிவரை. அதன் பக்கத்தில் 'வெயிட்_விஸ்' (வீசை), 'வெயிட்_கேஜி' (கிலோ) என்று இரண்டைப் புதிதாகச் சேருங்கள். மூன்றும் சேர்ந்தே போகட்டும். டேட்டா போவது ஜேசன் வடிவில், அதாவது ஒவ்வொன்றும் தன் பெயரோடு, என்றால் கூடுதல் ஃபீல்டை பெரும்பாலான புரோகிராம்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காற்புள்ளியால் பிரித்த அட்டவணையான சிஎஸ்வி கோப்பு என்றால் கவனம்: எக்செல் மேக்ரோ எழுதும் கடைக்காரர் மகன் தலைப்பைப் பார்த்துப் படிப்பதில்லை, 'நான்காவது பத்தி' (நெடுவரிசை) என்றுதான் படிப்பான். நடுவில் ஒரு பத்தியைச் செருகினால் பெயரே மாறாமலும் எல்லாம் உடையும். கடைசியில் சேருங்கள். கூகுளில் வேலை பார்த்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதியைச் சொல்வார்கள்: ஏபிஐயைப் போதுமான பேர் பயன்படுத்தினால், நீங்கள் வாக்குக் கொடுத்தது எதுவாக இருந்தாலும், வெளியே தெரிகிற ஒவ்வொரு குணத்தையும் யாராவது ஒருவர் நம்பி வேலை செய்துகொண்டிருப்பார். பத்தி வரிசையும் அதில் அடக்கம்.

வாங்கும் பக்கம்தான் சிக்கல். ஒருவர் பழைய 'வெயிட்'டை அனுப்புவார், இன்னொருவர் புது 'வெயிட்_கேஜி'யை அனுப்புவார். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து வந்து, கணக்கு ஒத்துப்போகாவிட்டால்? எது புதிதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். திருப்பி அனுப்புங்கள், என்ன தப்பு என்று தெளிவாக எழுதி. எடை விஷயத்தில் சர்வர் ஊகிக்கக் கூடாது. ரவுண்டிங்குக்கு மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் 48.99க்கும் 49க்கும் சண்டை வரும்.

கோடுக்குள்ளே எழுதும்போது ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: உண்மையான வேலை புதுப் பெயருள்ள ஃபங்ஷனில் இருக்கட்டும், பழைய பெயர் அதைக் கூப்பிட்டு, கிடைத்ததை அப்படியே கொடுக்கும் ஒரு வரியாக இருக்கட்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், புதுப் பெயர் பழையதைக் கூப்பிடும். ஒருநாள் பழையதை எடுக்கப் போகும்போது வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

'வெயிட்' மாதிரி அரைகுறையாகச் சொல்லும் பெயர் பெரிய இடத்திலும் உண்டு. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் 'யூடிஎஃப்8' என்று பெயர் வைத்த எழுத்துக்குறியீடு ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் வாங்காது. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான உண்மையான யூடிஎஃப்-8க்கு நான்கு பைட் வரை தேவை. தமிழ் எழுத்தும் பர்மிய எழுத்தும் மூன்று பைட்டில் அடங்கிவிடும், அதனால் நம் ஆட்கள் பல வருஷம் எதையும் கவனிக்கவில்லை. வாடிக்கையாளர் குறிப்புப் பெட்டியில் ஒரு சிரிப்பு எமோஜியைப் போட்ட அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் பழைய பெயரின் அர்த்தத்தை மாற்றவில்லை. 2010இல், 5.5.3 வெர்ஷனில், 'யூடிஎஃப்8எம்பி4' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அசிங்கமான பெயர், ஆனால் உண்மை பேசும் பெயர். 8.0இல், எதையும் குறிப்பிடாவிட்டால் அதுவே என்று ஆக்கினார்கள். பழைய 'யூடிஎஃப்8' இனி வேறு அர்த்தம் பெறக்கூடும், ஆகவே எம்பி3யா (மூன்று பைட்) எம்பி4ஆ (நான்கு பைட்) என்று வெளிப்படையாக எழுதுங்கள் என்று ஆவணத்திலேயே எச்சரித்தும் வைத்தார்கள். அர்த்தத்தை மாற்றியே ஆகவேண்டும் என்றால் இப்படித்தான்: முதலில் எல்லோரையும் அந்தப் பெயரிலிருந்து நகர்த்திவிட்டு, அப்புறம்.

பெயரை மாற்றும்போது பலர் மறக்கும் இன்னொரு விஷயம் திசை. பழைய பெயரையும் ஏற்றுக்கொள்கிறோமே, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். நம் ஊர் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர்கள் எல்லாம் நேரக் கணக்குக்கு நம்பியிருக்கும் டிஇசட் டேட்டாபேஸில் நம் ஊர் 'ஏசியா/ரங்கூன்' என்றுதான் இருந்தது. ஊரின் ஆங்கிலப் பெயர் 1989இல் அதிகாரப்பூர்வமாக மாறியது, டேட்டாபேஸில் 'ஏசியா/யாங்கோன்' ஆனது 2016இல். 27 வருஷம்! (நம் பெரியவர்கள் இன்னும் ரங்கூனை விடவில்லை என்பது வேறு. விமான நிலையத்தின் 'ஆர்ஜிஎன்' குறியீடும் விடவில்லை.) மாற்றியபோது பழைய பெயரை 'பேக்வர்ட்' என்ற கோப்பில் ஓர் இணைப்பாகப் போட்டு வைத்தார்கள். ரங்கூன் என்று கேட்டாலும் அதே ஆறரை மணி நேரக் கணக்கு கிடைக்கும். பழைய புரோகிராம், புது டேட்டாபேஸ்: பிரச்சினை இல்லை.

மறுபக்கம் பாருங்கள். உங்கள் புது சர்வர் 'ஏசியா/யாங்கோன்' என்று அனுப்புகிறது. வாங்குவது 2015இல் வாங்கிய, அதற்குப் பிறகு அப்டேட்டே பார்க்காத போன். அதன் டேட்டாபேஸில் யாங்கோன் என்ற ஊரே கிடையாது. தெரியாத மண்டலம் என்று எரர் கொடுக்கும், இல்லையென்றால் அதைவிட மோசமாக, கிரீன்விச் நேரத்தை எடுத்துக்கொண்டு ஆறரை மணி நேரம் பின்னால் பில் போடும். பழைய பெயரைக் கேட்பவருக்கு இணைப்பு உதவும். புதுப் பெயரைக் கேள்விப்படாதவருக்கு எந்த இணைப்பும் உதவாது. இதனால்தான் குரோம் போன்ற பிரவுசர்கள் நெடுங்காலம் கொல்கத்தாவைக் கல்கத்தா என்றும் யாங்கோனை ரங்கூன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தன. அவை நம்பியிருந்த, மொழி, ஊர், தேதி வழக்கங்களைச் சேர்த்து வைக்கும் சிஎல்டிஆர் தொகுப்பில், முதலில் வைத்த அடையாளத்தை மாற்றுவதில்லை என்று வைத்திருந்தார்கள். பெயர் அரசியல் பேசுகிறவர்களுக்கு அது கோபத்தைக் கொடுக்கும். இன்ஜினியராக எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே வரிசை இது: முதலில் இரண்டு பெயரையும் ஏற்கக் கற்றுக்கொடுங்கள். பழைய பெயரையே தொடர்ந்து அனுப்புங்கள். எல்லோருக்கும் புதிது புரியும் என்று தெரிந்த பிறகு புதிதை அனுப்புங்கள். இந்த ஊரில் அந்த 'பிறகு' மெதுவாகத்தான் வரும். கிட்டங்கி ஆட்களின் ஆப் ப்ளே ஸ்டோர் வழியாக வந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஸாப்யா என்ற கோப்பு மாற்றும் ஆப்பில் போனிலிருந்து போனுக்கு வாங்கியிருப்பார்கள், அது தானாக அப்டேட் ஆகாது.

இவ்வளவும் சொன்னதால் நான் முழுக்க அண்ணன் கட்சி என்று நினைக்க வேண்டாம். பழையதைத் தொடாதே என்பதையும் அளவுக்கு மீறிச் சொல்லலாம். 'மேக்' என்று புரோகிராம் கட்டும் கருவி ஒன்று உண்டு, 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பெல் லேப்ஸில் எழுதியது. அதன் கோப்பில் சில வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் வேலை செய்யாது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். எத்தனை மாணவர்கள் எத்தனை இரவு அதில் தலையை உடைத்துக்கொண்டார்களோ. ஆரம்பத்திலேயே ஃபெல்ட்மன் அதை மாற்றியிருக்கலாம். ஆனால் அதற்குள் சுமார் 12 பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள், அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு பேர்! ஒரு டீக்கடையில் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

அதனால் முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பெயரைக் கூப்பிடுகிற எல்லோருக்கும் என்னால் போன் போட முடியுமா? முடியும் என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் ஃபங்ஷன் பெயர்களுக்கு இணைப்பு, எச்சரிக்கை ஒன்றும் தேவையில்லை. எடிட்டரில் 'ரீநேம்' அழுத்தி, டெஸ்ட் ஓடினால் முடிந்தது கதை. 'ஃப்ளாக்'கைக் கூப்பிடுவது உங்கள் சொந்த ரிப்போர்ட் ஒன்று மட்டும்தான் என்று லாக் சொன்னால், அண்ணனிடம் கேட்கக்கூட வேண்டாம். நெட்வொர்க்கைத் தாண்டி வெளியே போகும் பெயர், டிஸ்கில் எழுதி வைத்த பெயர், கடைக்காரர் எக்செல்லில் பதிந்த பெயர், இவைதான் உங்கள் கையில் இல்லாதவை. அண்ணன் இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுகிறார் என்று நினைக்கிறேன், நீங்களும்தான்.

பழைய பெயரை வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் 'வெயிட்'டுக்கும் 'வெயிட்_விஸ்'ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள், ஒன்றுமில்லை என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்ல வேண்டும். கோடின் பழைய நிலைகளைக் காத்து வைக்கும் கிட் என்ற கருவியில் 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளை கிளை மாறவும் செய்யும், கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பவும் செய்யும். பின்னதை அழுத்தி எழுதியதை இழந்தவர்கள் ஏராளம். 2019 ஆகஸ்டில், 2.23 வெர்ஷனில், 'ஸ்விட்ச்', 'ரீஸ்டோர்' என்று இரண்டாகப் பிரித்துப் புதிதாகக் கொடுத்தார்கள். நல்ல பெயர்கள். ஆனால் 'செக்அவுட்' போகவில்லை, பழைய பாடக்குறிப்புகளும் போகவில்லை, புதிதாகப் படிப்பவர் இப்போது மூன்றையும் கற்கிறார். அப்படியும் அந்த முடிவு சரிதான், கோடிக்கணக்கான ஸ்கிரிப்டை உடைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் புதுப் பெயர் வைத்த அன்றே குழப்பம் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், முதலில் கொஞ்சம் கூடும்.

எப்போது எடுப்பது? பைத்தான் மொழியில் கோடைச் சோதிக்கும் 'யூனிட்டெஸ்ட்'டில் 'அசர்ட்ஈக்வல்ஸ்' என்று கடைசியில் 'எஸ்' சேர்ந்த ஒரு பெயர், 'அசர்ட்ஈக்வல்' என்பதன் இரட்டைப் பிறவி. 2011இல் வந்த 3.2இல் அது கைவிடப்பட்டது என்று அறிவித்தார்கள். எடுத்தது 2023இல், 3.12இல். 12 வருஷம் எச்சரிக்கை ஓடியது, அப்படியும் எடுத்த அன்று பலருடைய டெஸ்டுகள் உடைந்தன. எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. லாகை நம்புங்கள். பழைய பெயரை யார் எந்தச் சாவியில் (ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கொடுத்த அடையாளக் குறியீடு) கூப்பிட்டார் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். மூன்று மாதம் யாரும் கூப்பிடவில்லை என்பதை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். வியாபாரிகளிடம் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் கணக்கு உண்டு. மார்ச் கணக்கு முடிப்பு ஒன்றாவது தாண்டட்டும். எடுக்கும்போது சும்மா காலியாக விடாமல், 'இந்தப் பெயர் இல்லை, வீசைக்கு இதைக் கேளுங்கள், கிலோவுக்கு இதைக் கேளுங்கள்' என்று பதில் வரட்டும், பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும்.

அண்ணனிடம் போய் 'பெயர்கள் அசிங்கமாக இருக்கின்றன' என்று ஆரம்பித்தால் பேச்சு எடுபடாது. அவர் அந்த அசிங்கத்தோடு பல வருஷம் சம்சாரம் நடத்தியவர். அந்த 49ஐயும் 80ஐயும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 'வெயிட்' அப்படியே இருக்கும், பக்கத்தில் இரண்டு ஃபீல்டு மட்டும் சேரும், கடைசிப் பத்தியில், என்று சொல்லுங்கள். கிலோ கேட்ட ஏற்றுமதி அலுவலகத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும். 'கெட்ஸ்டாக்2'வை இந்த முறை விட்டுவிடுங்கள், அடுத்த வருஷமும் விட்டுவிடலாம். லாக் எழுதுகிற வேலையை மட்டும் இந்த ரிலீஸிலேயே சேர்த்துவிடுங்கள், அது இல்லாமல் வேறு எதையும் எப்போதும் எடுக்க முடியாது.